வேலியில்லாத ஊர்

கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபரோ. 1983 கலவரத்தின் பின் எம்மவர் பெருமளவில் குடியேறிய இடம். கணவர், பிள்ளைகளுடன் இரண்டு வருடங்கள் அங்கே ஒரு தொடர்மாடியில் வாழ்ந்தேன்.

தமிழ்க் கடைகளில் ஒடியல்மா, முருங்கைக்காய், கருவாடு எல்லாம் கிடைக்கும். ஆனால், மிளகாய் வறுத்தால் புகை எச்சரிக்கை மணி அலறும். யன்னலைத் திறக்கவும் முடியாது. தை மாதத்தில் குளிர் சில நாட்களில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரை போய்விடும். மார்கழியில் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

நான் அதிகம் தேடியது கிணற்றடியையும் வேலியையும்தான். "அக்கா, இண்டைக்கு என்ன கறி?" என்று வேலிக்கு மேலால் கேட்கும் குரல் அங்கில்லை. சமூகவியலில் 'சமூக ஆதரவு' என்று படித்தது இந்தக் குரலைத்தான் என்பது அங்கேதான் விளங்கியது.

கீழ்மாடியில் வசித்த வன்னிச் சகோதரி ஒருவர், கணவரும் பிள்ளைகளும் வெளியே போனபின் நாள் முழுவதும் பேச ஆளில்லை என்று அழுதார். அதன்பின் வெள்ளிதோறும் நான்கு பெண்கள் ஒரு வீட்டில் கூடிச் சமைத்தோம். மணி அலறினாலும் சிரித்தோம்.

சகோதரிகளே, இடம்பெயர்ந்து முகாம்களிலும் புதிய குடியேற்றங்களிலும் வாழ்ந்த உங்களுக்கு இந்தத் தனிமை புதிதல்ல. பக்கத்து வீட்டுப் படலை பூட்டியே கிடந்தால், ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.