ஒரு பல் தள்ளி

சூலக்கரையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் பத்து நாள்களாக ஒரு மாருதி 800 வண்டி முன்மூடியைத் திறந்தபடி நின்றது. அதை அவ்வாறு நிற்க வைத்தவர்கள் இருவர். ஒருவன், தொழிற்பயிற்சி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என் இளைய மகன். மற்றவன், சிவகாசி அச்சகங்களில் முப்பத்தோராண்டு ஆஃப்செட் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்ற நான்.

வண்டி மிகப் பழையது. கார்புரேட்டர் வைத்த காலத்தது. அந்த இனமே 1983 டிசம்பரில் பிறந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோனது. எங்களுடையது சில மாதங்களாகவே தையல் இயந்திரம் போலச் சத்தமிட்டது. மதுரைக்குப் போனால் திருமங்கலம் வருமுன்பே அதற்கு மூச்சு வாங்கும். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம் ஷாஃப்டின் மேடுகள் இரண்டு தேய்ந்து மழுங்கியிருந்தன.

மகன் சொந்தமாகப் பட்டறை வைக்க விரும்பினான். அதற்கு என் சேமநிதியில் ஒரு பகுதியைக் கேட்டிருந்தான். "முதலில் இந்த எஞ்சினைத் திறந்து மூடி ஓட்டிக் காட்டு, தம்பி. பிறகு பேசலாம்" என்று சொல்லியிருந்தேன். ஆகவே அந்த மரத்தடியில் கழற்றப்பட்டது வண்டி மட்டுமன்று.

நம் தந்தையர் காலத்து அம்பாசிடரில் கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது இரும்புச் சங்கிலி. பல் வைத்த ரப்பர் பெல்ட்டைக் காரில் புகுத்தியது மேற்கு ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம்; அது 1960-களின் தொடக்கம். நம் ஊர்ப் பக்கம் பலரும் டைமிங் பெல்ட்டை முதலில் கண்டது மாருதியில்தான். அதன் வேலை எளியது. கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதுவும் குறித்த நிலையில் குறித்த வால்வு திறக்கும்படி. இதற்காகவே இரு பல்சக்கரங்களிலும் குறி வைத்திருக்கிறார்கள். ஒரு பல் தவறினாலும் அது சிறிய தவறன்று. கிராங்க் சக்கரத்தில் இருபது பல் இருப்பதாகக் கொண்டால், ஒரு பல் என்பது பதினெட்டுப் பாகை.

ராக்கர் அச்சுகளை உருவி, டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றி, பழைய ஷாஃப்டை எடுத்துப் புதியதைப் பொருத்தியவன் மகன். வால்வு இடைவெளியை அளவுத் தகடு கொண்டு அவனே சரி செய்தான். புதிய பெல்ட்டும் வாங்கி வந்திருந்தான். இவ்வளவு கழற்றிய பின் பழைய பெல்ட்டையே மாட்டுவது சிக்கனமன்று என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பெல்ட்டை மாட்டும்போதுதான், "நகரு, குறி பார்ப்பது என் தொழில்" என்று நான் புகுந்தேன்.

பட்டாசு லேபிள்களும் காலண்டர்களும் அடித்த கை இது. நான்கு வண்ணத்தின் சிலுவைக் குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழ வேண்டும். மேலும் கீழும் குறிகளை ஒட்ட வைத்தேன், பெல்ட்டை ஏற்றினேன், டென்ஷனர் போல்ட்டை இறுக்கினேன்.

"அப்பா, பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடலாம்" என்றான் மகன்.

"குறி ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறதே, இன்னும் என்ன?" என்றேன். உறையை மூடினோம்.

செல்ஃப் அடித்தால் வண்டி கார்புரேட்டர் வழியாகத் தும்மியது, பிடிக்கவில்லை. அடுத்த சில நாள்களை எண்ண வெட்கமாக இருக்கிறது. கார்புரேட்டரைக் கழுவினோம். பிளக்கை மாற்றினோம். டிஸ்டிரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருப்பினோம். "கடைக்காரர் வேறு வண்டி ஷாஃப்டைக் கொடுத்திருப்பார், அண்ணாச்சி" என்றார் பக்கத்து வீட்டு ஓட்டுநர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சாமானைப் பார்த்து வாங்கத் தெரியாதவனை நம்பிச் சேமநிதியைக் கொட்டுவதா என்று அவன் தாயார் கேட்கும்படியே சொன்னேன். அவன் பதில் பேசவில்லை.

மறுநாள் நண்பனின் பட்டறையிலிருந்து அழுத்தமானி ஒன்றை இரவல் வாங்கி வந்தான். மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டராக அளந்தான். மூன்றிலும் அழுத்தம் குறைவு. ஆனால் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு.

"ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்த வால்வையோ ரிங்கையோ சந்தேகிக்கலாம். பழைய ஷாஃப்டோடு ஓடிய வண்டியில் மூன்றும் ஒரே நாளில் ஒரே மாதிரி கெடுமா, அப்பா? வால்வு இடைவெளியை மறுபடி பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை, அவ்வளவுதான்."

உறையைத் திறந்தோம். கீழ்க்குறியை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து மேலே பார்த்தேன். கேம் சக்கரத்தின் குறி ஒரு பல் பின்தங்கி நின்றது. டென்ஷனர் பக்கம் பெல்ட்டை விரலால் அழுத்தினால் தொய்ந்தது.

நடந்தது இதுதான். கிராங்க் எந்தப் பக்கத்தால் பெல்ட்டை இழுக்கிறதோ, அந்தப் பக்கம் முதலிலேயே விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் சேர வேண்டும். நானோ தொய்வை இழுக்கும் பக்கத்தில் விட்டுவிட்டு, ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யுமுன் போல்ட்டையும் இறுக்கிவிட்டேன். வண்டி நிற்கும்போது குறிகள் ஒட்டியே இருந்தன. செல்ஃப் அடித்ததும் கிராங்க் முதலில் அந்தத் தொய்வைச் சுருட்டியது, கேம் பின்தங்கியது. உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூட, கலவை வந்த வழியே திரும்பிற்று. அதுவே அந்தத் தும்மல். கையால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அச்சகத்தில் முதல் தாளை நம்பி நான் ஒருநாளும் இயந்திரத்தை ஓடவிட்டதில்லை. ஐம்பது தாளாவது ஓட்டிப் பார்த்த பின்புதான் சரி என்பேன். வேப்பமரத்தடியில் அது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

இம்முறை மகன் மாட்டினான். டென்ஷனர் போல்ட்டைத் தளர்வாக வைத்து, எஞ்சின் சுழலும் திசையிலேயே மெல்ல இரண்டு சுற்று. எங்கேனும் முட்டினால் பலங்கொண்டு தள்ளக் கூடாது என்றான். பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடுமாம். பிறகு போல்ட்டை இறுக்கி, மீண்டும் இரண்டு சுற்று. குறிகள் வந்து ஒட்டின. "இன்னொரு தடவை" என்றேன். சிரிக்காமல் சுற்றினான்.

செல்ஃப் அடித்த இரண்டாம் நொடி வண்டி பிடித்தது. டைமிங் லைட் வைத்து அவன் டிஸ்டிரிபியூட்டரைச் சரி செய்துகொண்டிருக்கும்போது அவன் தாயார் வெளியே வந்தாள்.

"ஷாஃப்ட் மோசம் என்றீர்களே, என்னங்க ஆயிற்று?"

"ஷாஃப்டில் குறையில்லை. பெல்ட் ஒரு பல் தள்ளிவிட்டது."

"மாட்டியது யார்?"

மகன் குனிந்தபடியே இருந்தான். "நான்தான்" என்றேன்.

திங்கட்கிழமை வங்கிக்குச் சென்றோம். சாத்தூர்ச் சாலையோரம் ஒரு கொட்டகைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பலகையில் என்ன பெயர் எழுதுவது என்று தாயும் மகனும் இன்னும் தகராறு செய்துகொண்டிருக்கிறார்கள்.