பட்டாளத்துச் சொல் பழகலாமே!

எல்லையில் சண்டை என்று பேப்பரில் வந்தால் நம்மில் பலர் தலைப்பைப் படித்து, "ஐயோ பாவம்" என்று மடித்து வைத்துவிடுகிறோம். புருஷனையோ பிள்ளையையோ பட்டாளத்துக்கு அனுப்பியவளால் அப்படி முடியுமா?

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்ணின் கணவர் மதராஸ் ரெஜிமெண்டில் இருக்கிறார். கைக்குழந்தைக்காரி. ஒரு நாள் டி.வி. செய்தியில் அந்த ரெஜிமெண்டின் பெயர் ஓடியதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்குக் கை காலெல்லாம் ஆடுது" என்று இறங்கி வந்தாள். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் அண்ணன் அன்று வீட்டில் இருந்தார். "உன் வீட்டுக்காரர் எந்த பட்டாலியன்ம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்.

பிறகு அவர் சொன்னது இது. காலாட்படையில் ரெஜிமெண்ட் என்பது குலம் மாதிரி. பட்டாலியன் என்பது அதில் ஒரு குடும்பம். ஒரே குலத்துக் குடும்பங்கள் ஊர் ஊராக இருப்பதுபோல, ஒரு பட்டாலியன் காஷ்மீரில் இருக்கும், இன்னொன்று ராஜஸ்தானில் இருக்கும். பட்டாலியனில் சுமார் 800 பேர். அதற்குள் கம்பெனி, ஏறத்தாழ 120 பேர். அதற்குள் பிளாட்டூன், முப்பது பேர் போல. ரெஜிமெண்டின் பெயருக்கு முன்னால் வரும் எண்தான் பட்டாலியன். அவள் கணவருடையது வேறு எண். அழுகை நின்றது. ஆனால், "அந்த எண்ணுக்காரங்க வீட்டுலயும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பாளே அக்கா" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொரு சொல் 'கேஷுவாலிட்டி'. ஆங்கிலப் பேப்பரில் இதைப் பார்த்ததும் அத்தனை பேரும் இறந்ததாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பெரியாஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு யாரைத் தூக்கிப் போகிறோம்? அடிபட்டவரைத்தானே! போர்க் கணக்கிலும் காயம்பட்டவர்கள் அதில் சேர்த்தி. 1999 கார்கில் போரில் நம் பக்கம் உயிர் நீத்தவர்கள் 527 பேர், காயமடைந்தவர்கள் 1,363 பேர். இரண்டையும் கூட்டிப் 'பலி' என்றால், பிழைத்து வந்த எத்தனை பேரை நாமே கொன்றவர்களாவோம்!

பதவிப் பெயர்கள் வேடிக்கையானவை. லெஃப்டினென்டைவிட மேஜர் பெரியவர். ஆனால் மேஜர் ஜெனரலைவிட லெஃப்டினென்ட் ஜெனரல் பெரியவர்! போட்டோவில் கைச்சட்டையைக் கவனியுங்கள். ஒரு பட்டை என்றால் லான்ஸ் நாயக், இரண்டு என்றால் நாயக், மூன்று என்றால் ஹவில்தார்.

பட்டாளத்து விலாசத்தில் '56 ஏ.பி.ஓ.' என்று இருக்கும். அதை வரைபடத்தில் தேட வேண்டாம். அது ஊர் அல்ல, ராணுவத் தபால் அலுவலகம். படை எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. கிழக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு 99 ஏ.பி.ஓ. கவரில் பெயர், எண், பட்டாலியன் மூன்றும் சரியாக இருந்தால், எந்த மலையில் இருந்தாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும்.