சோழபுரத்தில் ஒரு கிளாரினெட்

ராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறி சோழபுரத்தில் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. பேண்டு செட்டில் வாசித்து ஓய்ந்த அண்ணாச்சி திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் கிளாரினெட்டைக் கழற்றிப் பரப்பியிருந்தார். மவுத்பீஸ், பேரல், மேல்துண்டு, கீழ்த்துண்டு, பெல். அவருடைய அப்பா வாசித்தது. ஆப்பிரிக்கக் கருமரம், தண்ணீரில் போட்டால் முழுகிவிடும் அளவுக்குக் கனம்.

மேல்துண்டின் துளைகளை ஒரு கை விரல்களால் அடைத்து, அடிமுனையை மறு உள்ளங்கையால் பொத்தி, மேலே வாய் வைத்து உறிஞ்சினார். காற்று நிற்கவில்லை.

"எங்கயோ ஒழுகுது தம்பி."

சிகரெட் தாளை மெல்லிய பட்டையாகக் கிழித்து, ஒவ்வொரு கீயின் பேடுக்கடியிலும் செருகி, கீயை லேசாக மூடி இழுத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் தாள் பிடித்தது. ஒன்றில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தப் பேடைச் சுரண்டி எடுத்தார். அந்தக் கீயின் கிண்ணத்தில் அரக்குத் துணுக்கை இட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டி, குமிழி விட்டதும் புதுப் பேடை அமுக்கினார். கீயைப் பூட்டி, சூடு ஆறும்வரை விரலை எடுக்கவில்லை.

ஒடிந்த ஸ்பிரிங்குக்குத் தையல் ஊசி. நீலம் பாயும்வரை காய்ச்சி, வெட்டி, ஒரு நுனியைச் சுத்தியலால் தட்டிச் செருகினார். தக்கை உதிர்ந்த மூட்டில் தேன்மெழுகு தடவிய நூல். "இறுக்கிச் சுத்தினா பொருந்துற வாயே பிளந்துரும்" என்றார்.

மேல்துண்டில் மயிரிழை விரிசல் ஒன்று. கல்யாண மண்டபத்து ஏசி செய்த வேலையாம். உள்ளே மூச்சின் ஈரம், வெளியே காய்ந்த காற்று. மரம் உள்ளே உப்பி வெளியே சுருங்கினால் பிளக்காமல் என்ன செய்யும்? கருமரத்தூளை ஃபெவிக்விக்கோடு இழைத்து அடைத்திருக்கிறார். துளைக்குள் பாதாம் எண்ணெய் தொட்ட துணி. தேங்காய் எண்ணெய் பனியில் உறைந்து சிக்குப் பிடிக்கும் என்று தொடுவதில்லை.

மரத்தில் ஹெச்.பி. என்று இரண்டு எழுத்து குத்தியிருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலேய ராணுவ பேண்டுகளின் உயர்ந்த சுருதி அது: 'ஏ' சுரம் வினாடிக்குச் சுமார் 452 அதிர்வு. இன்றைய கீபோர்டில் 440. பேரலைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் இறங்காதா என்று கேட்டேன். இறங்கும், ஆனால் மேல்துளைகள் கூடுதலாகவும் கீழ்த்துளைகள் கொஞ்சமாகவும் இறங்கி, சுரங்களுக்குள்ளேயே சண்டை வரும்.

"கீபோர்டோட எதுக்குச் சேரணும்? சுருதிப்பெட்டியை இதுக்குத் தக்கன வச்சுக்கிடுறேன்."

இரண்டு கீகள் மெழுகு போட்டு அசையாமல் அடைபட்டிருந்தன. அப்பா செய்தது. பழையபடி திறந்தால்தானே வாத்தியம் முழுசாகும் என்று எனக்குத் தோன்றியது, சொன்னேன். அவர் துளையை விரலால் பாதி மூடி வழுக்கிக் காட்டினார். கமகம் விரலில்தான் இருக்கிறது, கீயில் இல்லை. கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்துத்தான் ஏ.கே.சி. நடராஜன் 2008-இல் சங்கீத கலாநிதி ஆனார், 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனாலும் அந்த மெழுகு என் கண்ணை உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

மதியம் பூட்டி முடித்தார். ரீடை வாயில் போட்டு நனைத்து, மாட்டி ஊதினார். மேல்சுரங்கள் பளிச்சென்று வந்தன. அடிச்சுரத்தில் ஒரு கரகரப்பு. ஒன்றும் சொல்லாமல் கீழ்த்துண்டைக் கழற்றிவிட்டு, திண்ணையில் அந்தத் தாள் பட்டையைத் தேட ஆரம்பித்தார்.