ஆத்துக்கு நடுவுல ஒரு ராத்திரி

கோவா போனதைப் பத்தி எழுதுங்கன்னு என் மகன் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருந்தான். பூண்டு, காட்டுமாடு, மழைன்னே எழுதினா பட்டணத்து ஆளுங்களுக்கு அலுத்துப் போகும்கிறது அவன் கணக்கு. எனக்குத்தான் கை வரலை. அதுல என் வீட்டுக்காரியோட தம்பி விஷயம் வருது. இப்ப அவரே "எழுதுங்க மச்சான், ஊருக்கே தெரிஞ்ச கதைதானே"ன்னு சொல்லிட்டாப்ல. அதனால எழுதுறேன்.

2024 ஆரம்பத்துல பூண்டு வித்த விலை உங்களுக்கே ஞாபகம் இருக்கும். கடையில கிலோ 400, 500ன்னு போச்சு. நீங்க அரைக்கிலோ வாங்குற இடத்துல கால்கிலோ வாங்கியிருப்பீங்க. எங்க பள்ளங்கிப் பக்கம் அப்ப யார் வீட்டுல பூண்டு இருந்துச்சோ அவங்க கையில காசு இருந்துச்சு. எங்க மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க, சந்தோஷம்தான். ஆனா அந்த விலையைக் கொண்டு வந்தது குறியீடு இல்லை, வடக்கே விளைச்சல் குறைஞ்சது.

காசு இருந்தா மருந்து, உரம் எல்லாம் கடன் சொல்லாம வாங்குவோம். எங்க உரக்கடைக்காரருக்கு கம்பெனி வச்ச டார்கெட் தாண்டிப் போச்சு. பரிசா கோவா டூர். அவர் நல்ல மனசுக்காரர், தன் குடும்பத்தோட போகாம வாடிக்கையாளர் ஏழு பேரைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டார். மே மாசம், மலைக்கு வர்ற வண்டிகளுக்கு இ-பாஸ் போட ஆரம்பிச்ச சமயம். டூரிஸ்ட்டெல்லாம் பாஸ் கேட்டுக்கிட்டு மேல வர்றாங்க, நாங்க டெம்போ வேன்ல பாட்டுப் போட்டுக்கிட்டு டம்டம் பாறை தாண்டி கீழ இறங்குறோம். பெங்களூரு, ஹூப்ளி வழியா போய்ச் சேர முதுகு கழண்டு போச்சு.

பீச்சைப் பத்தி எழுத ஒண்ணுமில்லை. கடல் கடலாத்தான் இருக்கு. ரெண்டாவது நாள் ராத்திரிதான் விஷயம்.

பணஜி ஊரை ஒட்டி மாண்டவின்னு ஒரு ஆறு. கர்நாடகத்து மலையில மகதாயின்னு பேரோட பிறந்து இங்க கடல்ல சேருது. அந்த ஆத்துக்கு நடுவுல கப்பல் கப்பலா நிக்குது. அத்தனையும் கேசினோ. கரையிலருந்து பார்த்தா நம்ம பழனி தைப்பூசத்துக்கு சீரியல் லைட் போட்ட மாதிரி மின்னுது. தமிழ்நாட்டுல சூதாட்டச் சட்டம் 1930-லருந்தே இருக்கு, லாட்டரியையும் 2003-ல ஒழிச்சாச்சு. கோவாவுல 1976-ல போட்ட சட்டத்தை 1992-ல திருத்தி முதல்ல அஞ்சு நட்சத்திர ஓட்டல்ல மெஷின் ஆட்டத்துக்கு விட்டாங்க, பிறகு கப்பலுக்கும் விட்டாங்க. ஒரு வேடிக்கை கேளுங்க. 2020-லருந்து கோவா ஆளுங்களையே உள்ள விடுறதில்லை. வெளியூர்க்காரன் காசு மட்டும்தான் வேணும். தன் பிள்ளைக்குக் கொடுக்காத பண்டத்தை விருந்தாளிக்கு வைக்கிற வீடு!

செருப்புப் போட்டா அனுமதி இல்லைன்னுட்டாங்க. பணஜியில ஒரு கடையில ஷூ வாங்க வேண்டியதாப் போச்சு. இப்ப அது எங்க வீட்டுப் பரண்ல கிடக்கு. ஆதார் காட்டி, கையில ஒரு பட்டை கட்டி, சின்ன படகுல ஏத்தி கப்பலுக்குக் கொண்டு போனாங்க. டிக்கெட்டோட சேர்ந்து கொஞ்சம் பிளாஸ்டிக் வில்லை கொடுத்தாங்க, சிப்ஸ்னு பேரு. அதை அப்படியே காசா மாத்த முடியாது. ஆடித்தான் ஆகணும். சாப்பாடு, சரக்கு எல்லாம் டிக்கெட்லயே அடக்கம்.

உள்ள போனா ஏசி குளிரு எங்க ஊர் மார்கழி மாதிரி. ஜன்னல் இல்லை. கடிகாரம் இல்லை. ஒரு பக்கம் மெஷினுங்க கிணிகிணின்னு கத்துது. நான் மெதுவா ஒரு மேஜைகிட்ட போய் நின்னு பார்த்தேன். நடுவுல ஒரு சீட்டைத் திறந்து வச்சிட்டு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு போட்டுக்கிட்டே போகுது ஒரு பொண்ணு. நடுவுல உள்ள நம்பர் எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம் கட்டினவனுக்குக் காசு. அந்தர் பாஹர்னு எழுதியிருக்கு. அட, இது நம்ம மங்காத்தா! உள்ளே வெளியே! எங்க ஊர்ல கும்பிடு ராத்திரி கொட்டகைக்குப் பின்னாடி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல, போலீஸ் வந்தா ஓட வழி பார்த்து வச்சிக்கிட்டு ஆடுற ஆட்டம். இங்க பச்சைத் துணி விரிச்சு, கோட்டுப் போட்ட பொண்ணு போடுது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

ஒரு வித்தியாசம் கவனிச்சேன். முதல் சீட்டு விழுற பக்கத்துல ஜெயிச்சா நூறுக்குத் தொண்ணூறுதான். அடுத்த பக்கம்னா நூறுக்கு நூறு. முதல் சீட்டு விழுற பக்கத்துக்குக் கொஞ்சூண்டு வாய்ப்பு அதிகமாம், நூத்துக்கு ஐம்பத்தொண்ணரை. நம்ம கொட்டகையில தலைமுறை தலைமுறையா ஆடியும் இதை ஒருத்தன் கண்டுபிடிக்கலை. இங்க அதைக் கண்டுபிடிச்சு பத்து ரூபாய் பிடிச்சுக்கிறாங்க.

நானும் ஆடினேன். பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சு அடிச்சுக்குச்சு. சீட்டு ஒண்ணு ஒண்ணா விழறப்ப, வடுகபட்டியில நம்ம மூட்டைக்கு விலை கூவுறப்ப வர்ற அதே படபடப்பு. அஞ்சு பேர் தோளோட தோள் நின்னு, பேர் தெரியாது, பாஷை தெரியாது, நம்ம பக்கம் சீட்டு விழுந்தா ஒருத்தன் முதுகை ஒருத்தன் தட்டுறோம். இலவச வில்லை தீர்ந்தப்ப கையில 1,400 ரூபாய் நின்னுச்சு. அதோட நான் சாப்பாட்டுப் பக்கம் போயிட்டேன்.

அங்க பார்த்த ஆளுங்களைச் சொல்லணும். நெல்லூர்ப் பக்கம் ரைஸ் மில் வச்சிருக்கிற ஒரு பெரியவர், சென்னைக்கு அரிசி அனுப்பிப் பழகினதால தமிழ் நல்லாப் பேசினார். சட்டைப் பையில ஒரு சின்ன நோட்டு. ரவுலட் சக்கரத்துல விழுற ஒவ்வொரு நம்பரையும் எழுதுறார். வருஷத்துக்கு நாலு தடவை வர்றாராம், இது எத்தனையாவது நோட்டோ. மெஷின்கிட்ட ஒரு வயசான மராட்டி அம்மா, ஒன்பது கஜம் சேலை, மூக்குத்தி, தயிர் கடையிற மாதிரி நிதானமா பட்டனை அழுத்திக்கிட்டே இருந்தாங்க. ஜெயிச்சாலும் முகம் மாறலை, தோத்தாலும் மாறலை. திருப்பூர்ப் பையன் ஒருத்தன் பனியன் கம்பெனி பேரை ரெண்டு தரம் சொன்னான், அஞ்சு நிமிஷத்துல அவன் வில்லை எல்லாம் காலி. எங்க கூட வந்த பூண்டுத் தரகர் ஒரு ரூபாய் ஆடலை. "நான் ஊர்ல பண்ற வேலையை இங்க அவங்க பண்றாங்க, அதுல நான் எதுக்குப் போய் ஆடணும்"னுட்டு மீன் வறுவலை மூணாவது தடவை எடுத்தார்.

அவர் விளையாட்டாச் சொன்னதுதான். ஆனா அதுல இருந்துதான் எனக்குக் கணக்குப் புரிஞ்சது. சக்கரத்துல 1 முதல் 36 வரைக்கும் நம்பர். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. அதோட பச்சையில ஒரு பூஜ்ஜியம். ஆக 37 குழி. சிவப்புல கட்டினா சிவப்பு விழுந்தா ரெண்டு மடங்கு. கறுப்புல கட்டினாலும் அப்படியே. பூஜ்ஜியம் விழுந்தா ரெண்டு பேர் காசும் வீட்டுக்கு. 37 சுத்துக்கு நூறு நூறாக் கட்டினா 3,700 போடுறோம், சராசரியா 3,600 திரும்புது. நூறு ரூபாய் தரகு. நூத்துக்கு மூணு கூட வரலை. நம்ம மண்டியில பத்து எடுக்குறான், இவன் எவ்வளவு யோக்கியன்னு தோணும். ஆனா மண்டியில ஒரு மூட்டைக்கு ஒரு தடவைதான் தரகு. இங்க அதே மூட்டையை ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பத் தராசுல ஏத்தி, ஒவ்வொரு தடவையும் கைப்பிடி அள்ளிக்கிறான். விடியறப்ப சாக்குதான் மிச்சம்.

இப்ப மாப்ள கதைக்கு வர்றேன். ஊருக்குத் திரும்பினதும் நடவு. அதுக்கு விதைப்பூண்டு வாங்க 85,000 ரூபாய் வச்சிருந்தாப்ல. வீட்ல வச்சா செலவாகும்னு இடுப்புப் பையில போட்டுக்கிட்டே கோவாவுக்கு வந்துட்டாப்ல. மங்காத்தாவுல முதல் ரெண்டு மணி நேரம் அவருக்குத் தொட்டதெல்லாம் துலங்குச்சு. ஒரு கட்டத்துல 41,000 ஜெயிச்சு வச்சிருந்தாப்ல. உரக்கடைக்காரர் கை தட்டுறார், நாங்க போட்டோ எடுக்கப் பார்த்தோம், உள்ள போன் எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் திரும்பி வந்து பார்க்கிறப்ப அந்த 41,000 போயிருந்துச்சு. ஆள் ரவுலட்ல நிக்கிறாப்ல.

சக்கரத்துக்கு மேல ஒரு பலகை. கடைசியா விழுந்த நம்பரெல்லாம் அதுல தெரியுது. ஆறு தடவை தொடர்ந்து கறுப்பு. நெல்லூர்ப் பெரியவர் நோட்டைக் காட்டி, "இனி சிவப்பு வந்தே ஆகணும்"ங்கிறார். மாப்ள இடுப்புப் பையைத் திறந்துட்டாப்ல. சிவப்புல ஆயிரம். கறுப்பு. விட்டதைப் பிடிக்க ரெண்டாயிரம். கறுப்பு. நாலாயிரம். கறுப்பு. அந்தச் சின்ன வெள்ளைக் குண்டு தகர டப்பாவுல பட்டாணி உருள்ற மாதிரி கடகடன்னு ஓடி, தாவித் தாவி ஒரு குழியில உக்காரும். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடுறதில்லை. எட்டாயிரம். பூஜ்ஜியம். எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. பதினாறாயிரம். கறுப்பு.

அஞ்சு சுத்து. 31,000. பத்து நிமிஷம் ஆகியிருக்காது. அடுத்தது 32,000, பையில 54,000 இருக்கு.

நான் தோள்ல கையை வச்சு, "மாப்ள, சாப்பிட்டு வந்து ஆடு. சக்கரம் எங்கயும் ஓடிப் போகாது"ன்னேன். ஆடாதேன்னு சொல்லியிருந்தா கையைத் தட்டி விட்டிருப்பாப்ல. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா எங்க பக்கத்து ஆள் மறுக்க மாட்டான். தட்டை வாங்கி உக்கார வச்சோம். தரகர் மீனை எடுத்து வச்சார். பாதி சாப்பாட்டுல "மணி பன்னெண்டு இருக்குமா மச்சான்?"னு கேட்டாப்ல. தரகர் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். நாலு பத்து. மாப்ள அதையே பார்த்துக்கிட்டு இருந்தாப்ல. எங்க ஊர்ல அந்த நேரத்துக்கு கேரட் கழுவி மூட்டை பிடிச்சு லாரியில ஏத்தியிருப்போம். அப்புறம் அவர் எழுந்து போகலை.

நெல்லூர்ப் பெரியவர் எங்க மேஜைக்கே வந்து உக்கார்ந்தார். அன்னிக்கு அவருக்கும் அடிதான். "விவசாயம் இதைவிடப் பெரிய சூதாட்டமாச்சே, அதுல தைரியமா இருக்கீங்க, இதுல பயப்படுறீங்க"ன்னார். இதைப் பல பேர் சொல்லிக் கேட்டிருக்கேன், பட்டணத்து நண்பர்களும் பாராட்டுற மாதிரிச் சொல்வாங்க. எனக்கு ஒப்புதல் இல்லை. என் மண்ணுக்கு ஞாபகம் இருக்கு. போன போகத்துல கொட்டின சாணி இந்த போகத்துல தெரியும். பூண்டு எடுத்த இடத்துல திரும்பவும் பூண்டே போட்டா அழுகல் வந்து பழி வாங்கும். பீன்ஸ் மாத்திப் போட்டா மண்ணு அதையும் மறக்காது. அந்த வெள்ளைக் குண்டுக்கு ஞாபகமே கிடையாது. ஆறு தடவை கறுப்புல விழுந்தது அதுக்குத் தெரியாது. ஞாபகம் வச்சிருக்கிறது பலகையும் பெரியவர் நோட்டும்தான். 1913-ல மான்டி கார்லோ கேசினோவுல 26 தடவை தொடர்ந்து கறுப்பு விழுந்துச்சாம், இனி சிவப்புத்தான்னு கட்டிக் கட்டி அன்னிக்கு அத்தனை பேரும் மொட்டை. இது என் மகன் பிறகு சொல்லித் தெரிஞ்சது. அப்பத் தெரிஞ்சிருந்தா பெரியவர்கிட்டச் சொல்லியிருப்பேன். அவர் அதையும் நோட்டுல எழுதியிருப்பார்.

விடியக்காலம் திரும்புற படகுல வேலை முடிஞ்ச பொண்ணுங்களும் வந்தாங்க. மங்காத்தா போட்ட பொண்ணு ஷூவைக் கழட்டி மடியில வச்சிக்கிட்டுத் தூங்கி வழிஞ்சது. உரக்கடைக்காரர் அரைகுறை இந்தியில ஊரைக் கேட்டார். மிசோரமாம். வீட்டுல இஞ்சி போடுறாங்களாம். இஞ்சி என்ன விலைன்னு கேட்டோம். அம்மாவுக்குத்தான் தெரியும்னு சிரிச்சிட்டுக் கண்ணை மூடிக்கிச்சு.

ஊர் வந்த மறுநாள் காலையில மாப்ள பொண்டாட்டி போன் பண்ணுச்சு. "அண்ணே, நீங்க சொன்னாத்தான் நம்புவேன். எவ்வளவு விட்டாரு?" முப்பத்தி ஒண்ணுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிண்ணே, அப்ப மிச்சத்துக்கு எத்தனை கிலோ விதை கிடைக்கும்?"னு கேட்டுச்சு. வழக்கமா போடுறதுல மூணுல ரெண்டு பங்குதான் நட்டாங்க. மிச்ச இடத்துல பட்டாணி விதைச்சாங்க. ஐப்பசியில பூண்டு எடுக்கிறப்ப விலை நல்லா இருந்துச்சு. அதுக்கு அந்தப் புள்ளை ஒரு வார்த்தை பேசலை. பேசியிருந்தா மாப்ளைக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

கணக்குல மட்டும் எங்களுக்குள்ள இன்னும் தகராறு. நான் 31,000ங்கிறேன். அவர் 72,000ங்கிறாப்ல. ஜெயிச்ச 41,000-ஐயும் சேர்த்துத்தான் விட்டது கணக்காம். "அது உன் காசே இல்லையே மாப்ள"ன்னா, "ரெண்டு மணி நேரம் என் கையில இருந்துச்சே மச்சான்"ங்கிறாப்ல. இதுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. பூண்டு 400 வித்தப்ப விக்காம வச்சிருந்து பிறகு 200-க்குத் தள்ளினவங்க ஊர்ல இருக்காங்க. பாதி காசு போச்சுன்னு அவங்களும் இப்படித்தான் சொல்றாங்க.

போன மாசம் வில்பட்டி டீக்கடையில யாரோ விசாரிச்சப்ப மாப்ள மறுபடி எழுபத்திரெண்டுன்னே சொன்னாப்ல. கேட்டவர் டீயை ஆத்திக்கிட்டே, "அது கிடக்கட்டும், கப்பல்ல சாப்பாடு எப்படி?"ன்னார். அதுக்கு மட்டும் எங்க தரகர் முந்திக்கிட்டு அரைமணி நேரம் பதில் சொன்னார்.