கச்சான் காலத்தில் 3.7

ஜூன் 14, சனி

பத்து மணிக்கே கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. பின்னேரம் மேற்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. அந்தச் சுவரோடுதான் என் கொம்பியூட்டர் மேசை. போன கலியாண வீடியோ ஒரு மணித்தியால நீளம். அதை முழுதாக வெளியே எடுக்க நாலு மணித்தியாலமும் பத்து நிமிடமும் பிடித்தது.

பெட்டி 2019இல் வாங்கியது. ரைசன் 3 1200 புரொசெசர், பி450 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக, ஒரு ஹார்ட் டிஸ்க். 2022இல் மாற்றத்தான் இருந்தேன். அந்த மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. பெட்டியைத் துணியால் மூடி வைத்தேன். இப்போது கையில் 45,000 ரூபா சேர்ந்திருக்கிறது. கோயில் திருவிழா வேலை வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பழைய ரைசன் 5 3600 ஒன்று வாங்கத்தான் மனம் சொன்னது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட். என் மதர்போர்டிலேயே ஏறும். ஆனால் அது கைக்காசில் பாதிக்கு மேல் தின்றுவிடும். ஆகவே வாங்குவதற்கு முன், பெட்டி எங்கே காத்து நிற்கிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன்.

எடிட்டிங் கோப்பைத் திறக்கும்போது டிஸ்க் நூறு வீதத்தில் நிற்கிறது. புரொசெசர் இருபதைத் தாண்டவில்லை. வெட்டி ஒட்டும்போது ரேம் நிரம்பி வழிந்து, வழிந்தது டிஸ்க்குக்கே போகிறது. கடைசியில் வீடியோவை வெளியே எடுக்கும்போது மட்டும்தான் புரொசெசர் முழு மூச்சில் ஓடுகிறது. மூன்று வருத்தத்தில் இரண்டுக்குப் புரொசெசர் காரணமில்லை.

முடிவு: ஒரு எஸ்எஸ்டி, இன்னொரு 8 ஜிபி ரேம், மூன்றாவதற்கு, இருக்கிற புரொசெசரையே வேகமாக ஓட்ட நல்ல பவர் சப்ளை, பெரிய கூலர். ரேமில் அளவு மட்டுமல்ல விசயம். ஒரு குச்சி போட்டால் ஒரு பாதைதான் திறக்கும்: 2400 வேகத்தில் செக்கனுக்கு 19.2 ஜிகாபைட். இரண்டு போட்டால் 38.4. ஆறு வருடம் பாதிப் பாதையை அடைத்து வைத்திருந்திருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

கல்முனையிலிருந்து வந்த பஸ்ஸில் மட்டக்களப்பு டவுனுக்குப் போனேன். பவர் சப்ளைக்குத்தான் அதிக நேரம் எடுத்தேன். பழையது கேசோடு சும்மா வந்தது. 500 வாட் என்று எழுதியிருக்கும், கையில் தூக்கினால் பாரமே இருக்காது. அது வெடித்தால் தான் மட்டும் போகாது, மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். 80 பிளஸ் முத்திரை உள்ள ஒன்றை எடுத்தேன். காசு குறைந்தவர்கள் முதலில் கை வைப்பது இந்தச் சாமானில்தான். வேறு எதில் குறைத்தாலும் இதில் குறைக்கக் கூடாது என்பதை நான் எவரிடமும் அடித்துச் சொல்வேன்.

ஜூன் 18, புதன்

கேசைத் திறந்தால் திருகாணி எல்லாம் துரு. கடல் இவ்வளவு கிட்ட இருந்தால் உப்புக் காற்று எதை விடும்? ரேமின் தங்க முலாம் பூசிய பல்லை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்தேன். புரொசெசரின் மேலிருந்த பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தது.

எல்லாம் பூட்டியபின் அதே வீடியோ: மூன்று மணித்தியாலம் இருபது நிமிடம்.

ஜூன் 20, வெள்ளி, இரவு

இன்று அந்த வேகமேற்றல், ஓவர்குளொக்கிங். முதல் தரம், பயோஸுக்குள் நுழையும்போது விரல் நடுங்கியது.

தொழிற்சாலையில் ஒட்டும் வேகம் அந்த ரகத்திலேயே பலவீனமான சிப்பையும், வெக்கையான அறையையும் நினைத்து ஒட்டுவது. அதற்கு மேலே மிச்சம் இருக்கும். 1998இல் வந்த இன்டெல் செலரோன் 300ஏ இதற்குப் பேர் போனது. பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு ஏற்றினால், 300 மெகாஹேர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது. எல்லாப் பலகையும் இதற்கு விடாது. தம்பியின் ஏ320 மதர்போர்டில் இந்தப் பூட்டே திறக்காது, பி450இல் திறக்கும்.

என் சிப் நான்கு கோரும் உழைக்கும்போது 3.1 கிகாஹேர்ட்ஸ், 1.2 வோல்ட். வோல்டேஜை ஆட்டோவில் விடக் கூடாது, தேவைக்கு மேலே அள்ளிக் கொடுத்துவிடும். கையாலேயே எழுதினேன். கொஞ்சம் ஏற்றுவது, பிரைம்95ஐ அரை மணித்தியாலம் ஓடவிடுவது, மறுகா இன்னும் கொஞ்சம். பகா எண் தேடுவதற்கென்று எழுதிய நிரல் அது. கணக்கில் ஒரு பிழை வந்தாலும் காட்டிக் கொடுக்கும்.

“என்ன மனே, விடிய விடிய இந்தப் பெட்டிக்குக் காவலா?” அம்மா ரெண்டு தரம் எழும்பி வந்து பார்த்தா.

3.8இல், 1.35 வோல்டில் நின்றது. 78 பாகை. 3.9க்கு ஏற்றினேன், திரை கறுத்துப் போனது. மூன்று தரம் அமத்தியும் உயிர் வரவில்லை. நெஞ்சு அடித்த அடி எனக்குத்தான் தெரியும். கரண்டைக் கழற்றி, மதர்போர்டின் நாணய பற்றரியை எடுத்து, பத்து நிமிடம் விட்டுப் போட்டேன். பழைய நிலைக்குத் திரும்பியது. திரும்ப 3.8ஐ எழுதிவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

இரவு நின்ற 3.8 பின்னேரம் மூன்று மணிக்கு நிற்கவில்லை. 85 பாகையில் ஒரு கோர் பிழைக் கணக்குச் சொல்லி நின்றுவிட்டது. இரவில் அறை 29 பாகை, இப்போது 36. அறையில் ஏறுகிற பாகை ஏறக்குறைய அப்படியே சிப்பிலும் ஏறுகிறது. 95 வரை தாங்கும் சிப்தான், ஆனால் தாங்குவது வேறு, பிழையில்லாமல் கணக்குப் பார்ப்பது வேறு. குளிரூட்டிய அறையில் ஒருவர் எழுதி வைத்த எண்ணை நான் நம்பியிருந்தால், திருவிழா வீடியோ பாதியில் அறுந்திருக்கும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கைக் கச்சான் முதலே எடுத்துக்கொண்டுவிட்டது.

வெளியே வந்தால் அப்பா வெற்றிலைத் தோட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் கிடுகு வரிந்துகொண்டிருந்தார்.

“மேக்கால மறைக்காட்டிக் கொழுந்து கருகிப் போகும் மனே.”

உள்ளே போய் மேசையைக் கிழக்குப் பக்கம் இழுத்துப் போட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

3.7, 1.3 வோல்ட். வேகம் 19 வீதம் கூட. வோல்டேஜின் வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் வெக்கை ஏறக்குறைய 40 வீதம் கூட. கூலருக்குக் கொடுத்த காசு இதற்குத்தான். நேற்றும் இன்றும் பின்னேர வெயிலில் நாலு மணித்தியாலம் ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை. அதே வீடியோ இரண்டு மணித்தியாலம் ஐம்பது நிமிடம்.

கேசின் பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டி, “கச்சான்: 3.7 / 1.3” என்று எழுதினேன். கீழே “மாரி:” என்று மட்டும் எழுதி விட்டிருக்கிறேன். கோயிலில் பந்தல் போடத் தொடங்கிவிட்டார்கள். கமரா பற்றரிகளைச் சார்ஜில் போட வேண்டும்.