தூசியும் நெருப்பும்

ஒன்றை இகழ வேண்டுமானால் "தூசுக்குச் சமானம்" என்று தள்ளிவிடுவது உலக வழக்கு. எடையற்றது, அஞ்சத் தகாதது என்பது கருத்து. அந்தத் தூசியே ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கொன்ற வரலாற்றை நம்மவருள் அநேகர் அறியார். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற காலத்தில், மைக்கேல் பாரடே என்னும் பெயரை மின்சாரத்தோடு சேர்த்தே நாம் கற்றோம். தொழிலாளர் மாண்ட சுரங்கத்துள் இறங்கி அவர் காரணம் தேடிய செய்தியைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை.

1844-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி, இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியிலுள்ள ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. ஆடவரும் சிறுவருமாக 95 பேர் மாண்டனர். விசாரணைக்குத் துணையாகப் பாரடேயையும், நிலநூல் அறிஞர் சார்லஸ் லயலையும் சர்க்கார் அனுப்பிற்று.

சுரங்கத்தின் காற்றோட்டத்தை எவ்வாறு அளக்கிறீர்கள் என்று பாரடே வினவினார். அதிகாரி ஒருவர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை மெழுகுவர்த்திச் சுடரில் தூவினார். எழுந்த புகை செல்லும் நேரத்தை மற்றொருவர் கடிகாரம் கொண்டு கணித்தார். மருந்துப் பை எங்கே என்று கேட்டபோதுதான், தாம் அமர்ந்திருப்பதே அதன்மீது என்பது பாரடேக்குத் தெரிந்தது!

ஜூரிகள் "தற்செயலான மரணம்" என்று தீர்ப்பளித்தனர். அறிஞர் இருவரும் அச்சொல்லோடு நின்றாரில்லை. மரத்தூண்களில் வெந்து ஒட்டியிருந்த கரித்தூளைக் கண்டனர். எரிந்தது சுரங்க வாயு மட்டுமன்று, கரித்தூசியும் எரிந்து தீயை வளர்த்தது என்று அறிக்கையில் எழுதினர்.

கரிக்கட்டி மெல்ல எரிகிறது; கரித்தூசி ஏன் வெடிக்கிறது? காற்றுப் படும் மேற்பரப்பிலேதான் தீப் பற்றும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே பத்து இலட்சம் சிறு கனசதுரங்களாக்கினால் 600 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. அத்தூள் காற்றில் மிதக்கும்போது துகள்தோறும் பிராணவாயு சூழ்ந்து நிற்கிறது. சுரங்கத்தில் முதலில் சிறிதளவு வாயு வெடிக்கிறது. வெடியின் காற்று முன்னே ஓடித் தரையிற் படிந்த தூசியைக் கிளப்புகிறது. பின்னே வரும் சுடர் அதனை உண்கிறது. உண்ட வேகத்தால் காற்று மேலும் விசை பெறுகிறது. இவ்விதம் நெருப்பு தன் உணவைத் தானே வாரிக்கொண்டு பாய்கிறது.

பாரடேயின் கூற்றை உலகம் நெடுங்காலம் மதிக்கவில்லை. வாயுவின்றித் தூசி மட்டும் தீயை வெகுதூரம் கொண்டு செல்லாது என்று வாதித்தோர் பலர். 1906 மார்ச் 10-ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்துக் கூரியேர் சுரங்கத்தில் தூசி தீயைச் சுமந்து ஓடிற்று; 1,099 பேர் மடிந்தனர். அறுபத்திரண்டு ஆண்டுப் பாராமுகத்துக்கு விலை அது!

பரிகாரமும் தூசியிலேயே இருந்தது. இங்கிலாந்தின் ஆல்டாப்ட்ஸ் சுரங்கத்தில் 1886-இல் நேர்ந்த வெடியை ஆராய்ந்த வில்லியம் கார்போர்த், கல்தூசி படிந்த வழிகளில் தீ ஓய்ந்ததைக் கண்டார். 1908-இல் தரைமேல் நீண்ட இரும்புக் குழாய் அமைத்து அதனைச் சோதிக்கலானார். எரியாத கல்தூளும் அதே காற்றிற் கிளம்பும். கிளம்பிச் சுடரின் வெப்பத்தைக் குடித்து அதனை அவிக்கும். இன்றும் நிலக்கரிச் சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல் தூள் தூவப்படுகிறது. இன்றைய ஆராய்ச்சியாளர், ஓடும் காற்றில் துகள்களை விட்டு லேசர் ஒளியிற் படம்பிடித்து அளக்கின்றனர். அன்று சுரங்கத்தில் தூவிய அந்தச் சிட்டிகை மருந்தின் வழி வந்த வித்தையே அது.

தோட்டத்து அலுவலகத்தில் விபத்துப் புத்தகம் எழுதுவதும் நமது வேலை. அதில் "காரணம்" என்றொரு கட்டம் உண்டு. அடிபட்டவன் "என் தலைவிதி" என்கிறான். மேலிடத்தார் "தற்செயல்" என்றால் போதும் என்கின்றனர். இரு சொல்லுக்கும் பயன் ஒன்றே: கேள்வி அத்தோடு நின்றுவிடும். ஹாஸ்வெல் ஜூரிகளும் அவ்வாறே எழுதி எழுந்தனர். தூணில் ஒட்டிய கரியை விரலால் தொட்டுப் பார்த்தவர்களாலேதான் பின்வந்தோர் உயிர் பிழைத்தனர். தோழர்களே, அக்கட்டத்தைக் காரணம் அறியாமல் நிரப்ப எவரையும் விடாதீர்கள்!