கரும்புக்காட்டில் சிக்கிய டாங்கிகள்

கிரிக்கெட் பற்றியும் சினிமா பற்றியும் நம் சுவர் இதழில் நிறையப் பேர் எழுதியாச்சு. நான் டாங்கிகளைப் பற்றி எழுதப் போகிறேன். அடுத்த தாளுக்குத் தாவிடாதீங்க, கொஞ்சம் நில்லுங்க!

'போர் விளையாட்டு' என்றால் கம்ப்யூட்டரில் டுமீல் டுமீல்னு சுடுவது என்று நினைப்போம். நான் சொல்வது அது இல்லை. சதுரங்கம் போலப் பலகை விரித்து, காய் வைத்து, பகடை உருட்டி ஆடுவது. இது நேற்று வந்ததும் இல்லை. 1824-லேயே பிரஷ்யா நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி, மற்ற அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி தர இப்படி ஒரு விளையாட்டை உருவாக்கினார்.

அமெரிக்காவில் 1970-ல் 'பான்சர்பிளிட்ஸ்' என்று ஒரு விளையாட்டு வந்தது. உருவாக்கியவர் ஜிம் டன்னிகன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் டாங்கிகளும் ரஷ்ய டாங்கிகளும் மோதியதுதான் அதன் கதை. பலகை முழுக்கத் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் 250 மீட்டர். ஒரு சுற்று 6 நிமிடம். ஒவ்வொரு அட்டைக் காயிலும் நான்கு எண்கள் இருக்கும்: தாக்கும் பலம், எவ்வளவு தூரம் சுடும், தாங்கும் பலம், எவ்வளவு தூரம் நகரும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த விளையாட்டில் காட்டுக்குள் நிற்கும் டாங்கியைப் பக்கத்துக் கட்டத்தில் எதிரி இல்லாவிட்டால் சுட முடியாது. அதனால் எல்லாரும் ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குத் தாவித் தாவியே போனார்கள். நடுவில் வெட்டவெளியில் ஓடும்போதும் சுட முடியாது. "நிஜச் சண்டையில் எவன் சும்மா பார்த்துக்கிட்டு இருப்பான்?" என்று ஆட்டக்காரர்களுக்கு அது பெரிய குறை. 1974-ல் 'பான்சர் லீடர்' என்ற அடுத்த விளையாட்டு வந்தபோது, ஓடுகிற டாங்கியைச் சுடலாம் என்று விதி சேர்த்தார்கள். விளையாட்டில் ஏதோ இடிக்குதே என்று சரித்திரத்தைத் தேடிப் படிப்பதுதான் இவர்களுடைய பைத்தியம். எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

நானும் என் மாமா பையனும் சேர்ந்து சார்ட் பேப்பரில் ஒரு போரைச் செய்தோம். 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபில் கேம்கரன் பக்கத்தில் நடந்த அசல் உத்தர் போர். பாகிஸ்தானிடம் அமெரிக்காவின் பாட்டன் டாங்கிகள் இருந்தன. நம்மிடம் செஞ்சூரியன் டாங்கிகள் இருந்தன. கூடவே இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மன்களும் பிரெஞ்சு நாட்டு இலகு டாங்கிகளும்.

முதல் ஆட்டத்தில் இரும்பின் கனத்துக்கும் பீரங்கிக்கும் மட்டும் எண் போட்டோம். பாட்டன் படை நேராகப் புகுந்து போய்விட்டது. நிஜத்தில் அப்படி நடக்கவில்லையே, ஏன்?

நிஜத்தில் நம் ராணுவம் குதிரை லாட வடிவத்தில் வளைந்து காத்திருந்தது. கால்வாயை உடைத்து வயல்களில் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். கரும்பு வேறு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. ஆகவே இரண்டாவது ஆட்டத்தில் சேற்றுக்கு விதி போட்டோம். பாட்டன் வேகம் குறைந்தது. மூன்றாவதில் கரும்புக்கு விதி போட்டோம்: உள்ளே மறைந்திருப்பவன் கிட்டத்தில் வந்தால்தான் தெரிவான். சேற்றைச் சுற்றிப் போகத் திரும்பினால் டாங்கியின் பக்கவாட்டு காட்டிக்கொடுக்கும். அங்கே இரும்பு முன்பக்கத்தைவிட மெல்லிசு. அன்றைக்குப் பாட்டன் படை அசையாமல் நின்றுவிட்டது! பாட்டன் நல்ல டாங்கிதான். ஆனால் எந்த இடத்தில் சண்டை என்பதை எதிராளி தீர்மானித்துவிட்டான். பாகிஸ்தான் அங்கே 97 டாங்கிகளை இழந்தது என்பது இந்தியக் கணக்கு.

இவ்வளவும் எண்ணில் அடங்கியது. ஒரே ஒரு காய்தான் அடங்கவில்லை. அது ஒரு ஜீப். அதன் மேல் 106 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி. சுற்றிலும் இரும்பே கிடையாது. தாங்கும் பலம் என்ற இடத்தில் பூஜ்யம்தான் எழுத முடிந்தது. ஒருமுறை சுட்டால் பின்னால் நெருப்பும் புழுதியும் கிளம்பி இருக்கும் இடம் தெரிந்துவிடும். உடனே இடம் மாற வேண்டும். நான் அந்தக் காயை ஆடினால் ஒரு டாங்கியை அடித்துவிட்டுப் பின்வாங்கி விடுவேன். அதுதான் புத்திசாலித்தனமான ஆட்டம்.

ஆனால் அந்த ஜீப்பில் இருந்த ஹவில்தார் அப்துல் ஹமீது பின்வாங்கவில்லை. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துக்காரர், தையல்காரர் மகன். இடம் மாறி மாறிப் பல டாங்கிகளை அடித்தார். செப்டம்பர் 10 அன்று குண்டு பட்டு இறந்தார். வயது 32. பரம் வீர் சக்ரா அவர் இறந்த பிறகு கிடைத்தது. அவர் ஏன் நின்றார் என்பதை எந்த மூலையில் எண்ணாக எழுதுவது?

எங்கள் பாட்டி பலகையைப் பார்த்துட்டு, "மனுசன் செத்த சண்டையில என்னடா வெளயாட்டு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1903-லேயே டாங்கி மாதிரி ஒரு இரும்பு வண்டியைக் கதையில் கற்பனை செய்தவர். 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கும் புத்தகம் எழுதினார். இதை ஆடிப் பார்த்தவனுக்கு நிஜப் போர் எவ்வளவு தாறுமாறானது என்று புரியும் என்பது அவர் கட்சி. அடுத்த வருடமே முதல் உலகப் போர் வந்தது. 1916-ல் நிஜ டாங்கியும் போர்க்களத்துக்கு வந்துவிட்டது. அதனால் வெல்ஸ் சொன்னதை மட்டும் பாட்டியிடம் பதிலாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆடுவதை நாங்கள் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு விதி சேர்த்தோம். எங்கள் பலகையில் ஒரு காய் என்றால் 3 டாங்கி. ஒரு டாங்கிக்குள் சராசரியாக 4 பேர் என்று வைத்துக்கொண்டோம். ஆக, வெளியே எடுக்கிற ஒவ்வொரு டாங்கிக் காய்க்கும் '12 பேர்' என்று நோட்டில் எழுத வேண்டும். ஜீப்பாக இருந்தால் அதில் இருந்தவர்களை எழுத வேண்டும். எந்தப் பக்கத்துக் காயானாலும் சரி. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவன்தான் அந்தக் கணக்கைச் சத்தமாக வாசிக்க வேண்டும். போன ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். 276 பேர் என்று வாசித்தேன். கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.

யாருக்காவது ஆட ஆசை இருந்தால் சொல்லுங்க. பகடை எங்களிடம் இருக்கிறது. நோட்டு மட்டும் கொண்டு வாங்க.

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்